ஏழு நாற்பது கருக்காம்பட்டி வண்டி

தேனி வண்டிதான தம்பி? அது வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், வழியில ரோடு போடுறாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அதுக்கு ஒரு காலு சரியில்ல. இந்தப் பெஞ்சுல உக்காருங்க. டைம் ஆபீசுக்குள்ள பயணிகள் உக்காரக் கூடாதுன்னு போர்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அத எழுதி மாட்டுனதே நான்தான். அதனால நீங்க உக்காரலாம்.

கையில என்ன, மருந்துக் கடைப் பையா? அம்மாவுக்கா, அப்பாவுக்கா? இருங்க, நீங்க சொல்லவே வேண்டாம். பட்டை பட்டையா மாத்திரை, கூடவே முட்டிக்குத் தடவுற தைலம். அம்மாவுக்குத்தான். எங்க வீட்டுலயும் இதே மாத்திரைதான், இதே தைலம்தான். அப்பாவுக்கு எம்பத்தி மூணு, அம்மாவுக்கு எழுபத்தெட்டு. அவங்களுக்கு நான் ஒத்தப் பிள்ளை. அவங்களையும் பாக்கணும், இந்த பஸ் ஸ்டாண்டையும் பாக்கணும். ரெண்டு எடத்துலயும் நான் வாயத் தெறக்காம ஒண்ணும் நகராது.

எம்பேரு தனபாக்கியம். டிரைவர், கண்டக்டர் எல்லாரும் பாக்கியக்கான்னு கூப்பிடுவாங்க. பத்து வருசம் கண்டக்டரா ஓடுனேன். முட்டி தேஞ்சு போச்சுன்னு லைட் டியூட்டி குடுத்து இங்க டைம் கீப்பரா உக்கார வச்சாங்க. எது லைட்டு? காலையில அஞ்சரைக்கு வந்தா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வர்ற வண்டி போற வண்டி எல்லாத்தையும் எழுதணும், ட்ரிப் ஷீட்டுல கையெழுத்துப் போடணும், மைக்குல சொல்லணும். என் கையெழுத்து இல்லாம இங்கேருந்து ஒரு வண்டி நகராது. அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி அதுக்கு வேலை இருக்கு.

வர்றதுக்கு முன்னாடி வீட்டுல சோறு, கொழம்பு, அம்மாவைத் தொடச்சு விடுறது, மாத்திரையப் பிரிச்சு டப்பாவுல போடுறது, எல்லாம் முடிச்சுட்டுத்தான் வருவேன். எங்க வீட்டுக்காரரு மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. தங்கமான மனுசன். ஒரே குறை, பேச மாட்டாரு. வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரியே இருப்பாரு. எட்டு மணிக்குக் கடைக்குப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவாரு. நடுவுல அம்மாவுக்குப் பதினோரு மணி மாத்திரைய யாரு ஞாபகப்படுத்துறது? அப்பாவுக்கு மறதி. போன் பண்ணலாமேன்னு கேப்பீங்க. அப்பா எடுக்க மாட்டாரு. மாப்பிள்ளை வீட்டு போனை மாமனார் எடுத்துப் பேசுனா மரியாதையா இருக்காதாம்.

அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அந்தா, டயர் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுதா? சந்துக்கடைசியில பச்சை கேட்டு? அதுதான் நம்ம வீடு. நம்ம மைக்கு சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கும். அப்பாகிட்ட சொல்லி வச்சேன். 'பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்'னு நான் சொன்னா, அம்மாவுக்கு மாத்திரை. 'படியில் நின்று பயணம் செய்ய வேண்டாம்'னு சொன்னா, அம்மாவைத் தனியா பாத்ரூமுக்கு விடாதீங்க, கூடப் போங்க. 'பேருந்து நிலையத்தில் புகை பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம்'னு சொன்னா, கேஸ் அடுப்ப நிறுத்துனீங்களான்னு ஒரு தடவை பாருங்க. அவரு செஞ்சு முடிச்சதும் சிகப்புத் துண்டை எடுத்து கேட்டு மேல போடணும். நான் இந்த ஜன்னல் வழியாப் பாத்துக்கிருவேன். ஒரு தடவை மேலதிகாரி வந்து, அதென்னம்மா தெனமும் கரெக்டா பதினோரு மணிக்கு உடைமையப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்றீங்கன்னு கேட்டாரு. இந்த ஊருல திருடன் பதினோரு மணிக்குத்தான் சார் வருவான்னேன்.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்ல தம்பி. கஷ்டம் சாயங்காலம்தான்.

எங்க அப்பா ஆறு வருசமா எங்க வீட்டுல விருந்தாளியா இருக்காரு. புரியலையா? அம்மா ஊருல கெணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேசன் முடிஞ்சு இங்க கூட்டியாந்தேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போயிருவோம்னு சொல்லிட்டுத்தான் அப்பா உள்ளயே வந்தாரு. மகன் வீடுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மகளைக் கட்டிக் குடுத்த வீட்டுல வந்து தங்கிட்டான்னு ஊருல நாலு பேரு பேசுவாங்கள்ல, அது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை. கொண்டாந்த ரெக்சின் பைய வாசக்கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டுனாரு. ஆறு வருசமும் அது அங்கதான். துணிய அதுலேருந்து எடுத்துக் கட்டுவாரு, தொவைச்சுக் காஞ்சதும் மடிச்சு அதுக்குள்ளயே வச்சிருவாரு. பீரோவுல ஒரு தட்டு ஒழிச்சுக் குடுத்தேன், ஒரு கைக்குட்டை கூட வைக்கல. ஹாலுல நாற்காலி இருக்கும், உக்கார மாட்டாரு. பாயி போட்டு கதவோரம்தான் இருப்பாரு. யாராவது சொல்லாம ஃபேன் போட மாட்டாரு. எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு நின்னுக்கிருவாரு.

அவங்க ரெண்டு பேரும் தனியா ஊருல இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? ஓட்டு வீடு, பாதி ஓடு சரிஞ்சு கெடக்கு. கக்கூசு கொல்லையில தள்ளி இருக்கு. அம்மா வாக்கரைப் பிடிச்சுத்தான் நடக்கும். அப்பாவுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது. இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. ஆனா சாயங்காலம் ஏழரை மணிக்கு, எங்க வீட்டுக்காரரு தட்டு முன்னாடி உக்காந்த ஒடனே, அப்பா அவரைப் பாத்துச் சொல்லுவாரு: மாப்ள, நாளைக்குக் காலையில கெளம்பலாம்னு இருக்கோம்.

தெனமும். ஆறு வருசமா.

பகல் பூரா ஊர்க்காரங்கள அனுப்பி வைக்கிறது எனக்கு உத்தியோகம், சாயங்காலம் ஒரு ஆளை நிறுத்தி வைக்கிறது எனக்கு உத்தியோகம். அதுக்கு எனக்குத் தொணை தினசரிக் காலண்டருதான். எங்க ஊரு கருக்காம்பட்டி இங்கேருந்து கெழக்க. ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டே வண்டி, காலையில ஏழு நாப்பது, மத்தியானம் பன்னெண்டே கால். ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுறது நானு. திங்கக்கெழமையும் சனிக்கெழமையும் கெழக்க சூலம், போகக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டை விட்டு யாரையும் அனுப்பக் கூடாது. புதன்கெழமை பாருங்க, காலை வண்டிக்கு எமகண்டம், மத்தியான வண்டிக்கு ராகுகாலம், யாரோ நமக்காகவே போட்டு வச்ச மாதிரி. ஞாயித்துக்கெழமை கறி எடுத்திருப்பேன், சாப்பிடாம எப்படிப் போறது? ஆக, ஆறு நாளுக்குக் கவலை இல்ல. வியாழக்கெழமைதான் எனக்குக் கண்டம். அன்னைக்கு ரெண்டு வண்டியும் நல்ல நேரத்துல கெளம்புது, கெழக்க சூலமும் இல்ல. அதனால புதன்கெழமை சாயங்காலம் வந்தா நானா ஏதாவது கட்டி விடணும். அஷ்டமிம்பேன், கரிநாளும்பேன், சந்திராஷ்டமம்பேன், ஒண்ணும் கெடைக்கலேன்னா வண்டி பிரேக் டவுனும்பேன். அப்பா தலைய ஆட்டிட்டு, அப்ப அடுத்த நாளு பாப்போம்னு படுக்கப் போயிருவாரு.

இதுல எங்க வீட்டுக்காரரு ஒரு ஒத்தாசை பண்ணுவாரான்னா, மாட்டாரு. அப்பா அவரைப் பாத்துத்தான சொல்றாரு? மாப்பிள்ளை ஒரு வார்த்தை 'இருங்க மாமா'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? இவரு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, 'அது வந்து மாமா...'ன்னு ஆரம்பிப்பாரு. அதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். நான்தான் பொறுக்க மாட்டாம, 'அவரு என்ன சொல்லப் போறாரு, உங்கள இருக்கச் சொல்றாரு, நாளைக்குச் சூலம்'னு முடிச்சு வைப்பேன். ஆறு வருசமும் அவருக்காக நான்தான் பேசியிருக்கேன். ஒரு நன்றி கெடையாது.

இருங்க, தாண்டிக்குடி வண்டி நிக்குது, அனுப்பிட்டு வந்துர்றேன். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாண்டிக்குடி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது.' இந்தாப்பா, ஷீட்டு. மலையில பாத்துப் போங்க. அட, நீங்க ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, உக்காருங்க. இது மலைக்குப் போற வண்டி. உங்க வண்டி வந்தா நான் சொல்ல மாட்டேனா? கதையில நல்ல எடத்துல எந்திரிச்சுட்டீங்க.

எங்க விட்டேன்? ஆங், வியாழக்கெழமை. போன தைப்பூசத்துல நடந்தது இது. பழனிக்குக் கூட்டம்னா கூட்டம், இந்த பஸ் ஸ்டாண்டுல எள்ளு போட்டா கீழ விழாது. மூணு நாளு ஸ்பெசல் வண்டி. மூணு நாளும் மைக்கை விட்டு நகரல நானு. புதன்கெழமை மத்தியானம், 'பழனி செல்லும்'னு ஆரம்பிச்சேன், 'செல்லும்' வரல. வெறும் காத்து. டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அஞ்சு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுன்னு கூடப் பேசக் கூடாதுன்னுட்டாரு. பேச நினைச்சாலும் வரல, அது வேற.

வீட்டுக்காரர்கிட்ட சைகையில சொன்னேன். அன்னைக்கு அவரு மொகத்துல ஒரு தெளிச்சிய நான் பாத்தேன் தம்பி. பாலுல மெளகு போட்டு, பனங்கல்கண்டு போட்டு, அவரே காச்சிக் கொண்டாந்து குடுத்தாரு. டாக்டர் அஞ்சு நாளுன்னா பத்து நாளா இருந்துக்கறது நல்லதுன்னாரு. என் தொண்டை மேல அவ்வளவு அக்கறை.

சாயங்காலம் ஏழரை ஆச்சு. தட்டு போட்டேன். அப்பா தொண்டையச் செருமிட்டு வழக்கம் போலச் சொன்னாரு, 'மாப்ள, நாளைக்குக் காலையில கெளம்பலாம்னு இருக்கோம்.' நாளைக்குன்னா வியாழக்கெழமை. எங்க வீட்டுக்காரரு, 'அது வந்து மாமா...'ன்னு ஆரம்பிச்சுட்டு என் மொகத்தப் பாத்தாரு. நான் வாயத் தெறந்தேன். காத்துதான் வந்துச்சு. அவரு காத்துக்கிட்டே இருக்காரு, நான் எடுத்துச் சொல்லுவேன்னு. அப்பாவும் காத்துக்கிட்டே இருக்காரு. அந்த வீட்டுல கடிகாரச் சத்தம் கேட்டது எனக்கு அன்னைக்குத்தான். கடைசியில எங்க வீட்டுக்காரரு, 'கொழம்பு ஊத்திக்கங்க மாமா'ன்னாரு. ஆரம்பிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு முடிக்கத் தெரியல, பாருங்க. அப்பா கொழம்ப ஊத்திச் சாப்பிட்டாரு. கையக் கழுவிட்டு, ஆணியில இருந்த பைய எறக்கித் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு.

எழுதிக் காட்டலாம்லன்னு கேப்பீங்க. எழுதுனேன். காலண்டர்த் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் கொட்டை எழுத்துல 'போகக் கூடாது'ன்னு எழுதி நீட்டுனேன். கண்ணாடி பைக்குள்ள போயிருச்சும்மா, காலையில பாக்குறேன்னுட்டாரு. சரி, எங்க போயிரப் போறாருன்னு மாத்திரையப் போட்டுக்கிட்டு நானும் படுத்துட்டேன். அசதி தம்பி. அந்த மூணு நாளு அசதியில நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்.

காலையில அஞ்சரைக்கு இங்க வந்துட்டேன். மைக்குக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. அவரு பாவம், வண்டி பேரை மட்டும் ஒழுங்கா சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஏழேகால் இருக்கும், தலை நிமிந்து பாக்குறேன், சந்துலேருந்து சிகப்புத் துண்டு வருது. கேட்டு மேல இல்ல, அப்பா தோள்ல. கையில ரெக்சின் பை. பின்னாடி அம்மா வாக்கரை ஒவ்வொரு அடியாத் தூக்கித் தூக்கி வச்சு வருது. ஜூஸ் கடைக்காரரு கையப் பிடிச்சு ரோட்டத் தாண்டி விடுறாரு.

நேரா இந்த ஜன்னலுக்கு வந்தாங்க. சொல்லாமப் போயிருவாரா எங்க அப்பா? 'போயிட்டு வர்றோம்மா'ன்னாரு. சொல்லிட்டு நின்னாரு. நான் தலைய ஆட்டுறேன், கைய ஆட்டுறேன், கம்பியத் தட்டுறேன். அவரு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பொறகு, 'ஒடம்பப் பாத்துக்க, தொண்டைக்கு வெந்நி குடி'ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. கருக்காம்பட்டி வண்டி ரெண்டாவது நடைமேடையில நிக்குது. கண்டக்டர் அம்மாவைத் தூக்கி ஏத்தி விட்டுட்டான். அம்மா ஜன்னலோரம் உக்காந்து, இந்தப் பக்கம் பாக்கவே இல்ல, டயர் கடையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அது அழுகுதுன்னு எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்ய? ஓடிப் போயி கட்டிப் பிடிக்கலாம், முட்டி விடாது. கத்தலாம், தொண்டை இல்ல. டிரைவர் பிச்சைமணி ட்ரிப் ஷீட்ட நீட்டுறான், கையெழுத்துப் போடுங்கக்கான்னு. வாங்குனேன். வாங்கி, மடிச்சு, இந்த நாற்காலியில போட்டு, அது மேல உக்காந்துட்டேன்.

சிரிக்காதீங்க. பத்தொம்பது வருச சர்வீசுல ஒரு வண்டிய நான் ஒரு நிமிசம் லேட் பண்ணுனது கெடையாது. ஏழு நாப்பது ஆச்சு, நாப்பத்தஞ்சு ஆச்சு. பிச்சைமணி ஆரன் அடிக்கிறான். பூக்காரங்க மூட்டையோட ஏறியிருக்காங்க, பூ வாடுதுன்னு சத்தம் போடுறாங்க. அக்கா எந்திரிங்க, ஷீட்டக் குடுங்கன்னு கண்டக்டர் கெஞ்சுறான். நான் உக்காந்தது உக்காந்ததுதான். அந்த வண்டி நகந்துச்சுன்னா எங்க அம்மா அந்தக் கெணத்தடிக்குப் போகும், போனா திரும்பி வராது. எனக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்சது.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு வந்தாரு. பால் வாங்கப் போனவரு, வந்து பாத்தா ஆணியில பை இல்ல. பால் தூக்கோட அப்படியே ஓடியாந்திருக்காரு. சட்டையத் திருப்பிப் போட்டிருக்காரு, தையல் வெளிய தெரியுது. என்னையப் பாத்தாரு, நான் வண்டியப் பாத்துக் கையக் காட்டுனேன். மனுசன் ஏறிட்டாரு. நான் முட்டியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயி பஸ் ஜன்னலுக்குக் கீழ நின்னேன். ஷீட்டு கையிலதான், பயப்படாதீங்க.

அவரப் பாத்ததும் அப்பா பழக்கதோசத்துல எந்திரிச்சு நின்னாரு. இவரு தோளத் தொட்டு உக்கார வச்சாரு. மாமனாரத் தொட்டுப் பேசுனது அன்னைக்குத்தான். 'அது வந்து மாமா...'ன்னாரு. போச்சுடா, இன்னைக்கும் கொழம்புன்னு சொல்லப் போறாருன்னு நினைச்சேன். எனக்கு நாக்கு துடிக்குது, எடுத்துக் குடுக்க முடியல. பூக்காரங்க கூட சத்தத்த நிறுத்திட்டாங்க. அவரு மெதுவா, ரொம்ப மெதுவா, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாரு.

'நீங்க போக வேண்டாம் மாமா. அது என் வீடு, நான் சொல்றேன், நம்மகூடவே இருங்க.'

அப்பா அவரு மொகத்தையே பாத்துட்டுக் கேட்டாரு, 'இத மாப்ள சொல்றீகளா, இல்ல பாக்கியம் சொல்லச் சொன்னாளா?'

'அவளுக்குத்தான் தொண்டை இல்லையே மாமா.'

பஸ்ஸே சிரிச்சிருச்சு. பிச்சைமணி ஸ்டியரிங்குல தலைய வச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். அதுல என்ன சிரிப்பு இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எங்க வீட்டுக்காரரு அதோட விட்டாரா? கொரலத் தாழ்த்தி, 'நீங்களும் போயிட்டா அவகிட்ட நான் ஒத்தையில மாட்டிக்கிருவேன்'னாரு. கொரலத் தாழ்த்துனா எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. அப்பாவுக்கு ஒதடு துடிச்சது, சிரிக்கிறாரா அழுகுறாரான்னு சொல்ல முடியல. பைய எடுத்து எங்க வீட்டுக்காரரு கையில குடுத்தாரு. 'வெள்ளையம்மா, எறங்கு, மாப்ள சொல்லிட்டாரு'ன்னாரு. எங்க அம்மா அவரு சொல்றதுக்கு முன்னாடியே வாக்கரை வெளிய தள்ளி விட்டிருந்துச்சு.

பன்னெண்டு நிமிசம் லேட்டு. ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன் பாருங்க, 'தாமதத்திற்குக் காரணம்: பயணிகள் ஏறி இறங்கியது.' பொய்யா சொல்லியிருக்கேன்? மெமோ வந்துச்சு. தொண்டை சரியில்லாததால் விளக்கம் பின்னர் அளிக்கப்படும்னு பதில் எழுதிக் குடுத்தேன். இன்னும் அளிக்கல.

அன்னைக்கு மத்தியானமே எங்க வீட்டுக்காரரு பைய அவுத்து, துணிய எல்லாம் எடுத்து, பீரோவுல தன் சட்டைக்குப் பக்கத்துல அடுக்கி வச்சாரு. அடியில ஊரு வீட்டுச் சாவி கெடந்துச்சு. அத அப்பா எடுத்து அந்த ஆணியில மாட்டுனாரு. இப்ப நாற்காலியில உக்காருறாரு. ஃபேனை அஞ்சுல வைக்கிறாரு. நேத்து போனை எடுத்து, யாரோ காயில் கட்டக் கேட்டதுக்கு, 'மாப்பிள்ளை குளிக்கிறாரு, நான் மாமனார் பேசுறேன்'னு அதட்டலா பதில் சொல்றாரு. சாயங்காலமானா மாமனும் மருமகனும் உக்காந்து பேசுறாங்க பாருங்க பேச்சு, எனக்கு ஒரு வார்த்தை நொழைய எடமில்ல. எல்லாம் எதனால? ஆறு வருசமா நான் சொல்லிச் சொல்லி அவரு மண்டையில ஏத்துனதாலதான். நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவரு அன்னைக்கு ஒப்பிச்சாரு. ஆனா ஊரே என்ன சொல்லுது தெரியுமா? பாக்கியக்கா தொண்டை போனதாலதான் அந்தக் குடும்பம் பொழச்சுச்சாம்.

இந்தா, இதுதான் அந்த ரெக்சின் பை. இப்ப நான் இதுல சோறு கொண்டாறேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. தொண்டை சரியாகி அடுத்த புதன்கெழமை. நான் காலண்டரப் பாத்து வியாழக்கெழமைக்கு ஒரு காரணத்தத் தயார் பண்ணி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏழரை ஆச்சு. அப்பா சாப்பிட்டாரு, கையக் கழுவுனாரு, எங்க வீட்டுக்காரரோட ஏதோ மோட்டாரப் பத்திப் பேசிட்டுப் படுத்துட்டாரு. நாளைக்குக் கெளம்புறோம்னு சொல்லவே இல்ல. நான் அடுப்படியில போயி நின்னுக்கிட்டு அழுதேன் தம்பி. சந்தோசந்தான். ஆனா ஆறு வருசமா தெனமும் எங்க அப்பாவ 'இருங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, இனிமே அத யார்கிட்ட சொல்ல? மனசு கேக்கல. போயி அவரு தலைமாட்டுல நின்னு, 'நாளைக்குக் கரிநாளு, போகக் கூடாது'ன்னேன். கண்ண மூடிக்கிட்டே, 'சரிம்மா, போகல'ன்னாரு. இப்பவும் தெனமும் சொல்றேன். அவரும் தெனமும் சரிங்கிறாரு.

நீங்களே சொல்லுங்க, நான் அதிகமாவா பேசுறேன்? யாரையும் பேச விடாத ஆளு மாதிரியா இருக்கேன்? சொல்லுங்க. இல்ல, இருங்க இருங்க, மணி பதினொண்ணு ஆச்சு. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.' இப்பப் பாருங்க அந்த பச்சை கேட்ட. எங்க அம்மா முழுங்க ரெண்டு நிமிசம் எடுக்கும். அந்தா, துண்டு விழுந்துருச்சு. தெரியுதா? சிகப்புத் துண்டு.

தேனி வண்டியும் வந்துருச்சு, போங்க, ஏறுங்க. எடம் இருக்கு. என்னது? எங்க? தாண்டிக்குடியா?

அடக் கடவுளே. அது உங்க கண்ணு முன்னாடிதான போச்சு. அடுத்த வண்டி நாலே காலுக்குத்தான். சரி விடுங்க, ரெண்டு மணிக்கு டியூட்டி முடியும், நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு அப்பாகூடப் பேசிக்கிட்டு இருங்க, நானே வந்து ஏத்தி விடுறேன். உங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. ஆனா ஒண்ணு தம்பி, தப்பா நினைக்காதீங்க. மொதல்லயே வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கீங்களே.